ஊருக்கெல்லாம் என் நம்பர்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஆன்லைன் சேவைக் கடை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த சூடு அப்போது ஆறவில்லை. சாதிச் சான்றிதழுக்கு வந்தவரைக்கூடப் பாஸ்வேர்டைப் பற்றிப் பேசாமல் அனுப்ப மாட்டேன். பாதிப் பேருக்கு மலையின் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும்தான் பாஸ்வேர்ட். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து வையுங்கள் என்பேன். அவர்கள் அடிக்கும்போது முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அது போதாதென்று, போனுக்கு ஓடிபி வந்தால்தான் திறக்கும்படி இரண்டாவது பூட்டும் போட்டுவிடுவேன்.

அந்தப் பூட்டில்தான் நானே மாட்டினேன்.

எங்கள் பக்கம் சிம் நிலைக்காது. ரீசார்ஜ் இல்லாமல் ஒன்று செத்துப்போகும், அடுத்த ஆஃபரில் இன்னொன்று வரும். ஓடிபிக்கு எந்த நம்பர் என்று கேட்டால், "உன் நம்பரையே போடுப்பா. நீ எங்க போயிடப் போற" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. போட்டேன். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஓடிபி, குளிக்கப் போனால் ஓடிபி. பெங்களூருக்கு இன்டர்வியூ போன அன்று, காத்திருக்கும் அறையிலேயே வரிசையாகக் கூப்பிட்டார்கள். போனை அணைக்க முடியாது, நம்பரை மாற்ற முடியாது, ஊரைவிட்டுப் போகவும் முடியாது.

கடைக்கு எதிரே பௌர்ணமிதோறும் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அக்கா ஒருவர். அவருடைய மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. என் நம்பரையே போட்டிருந்த அவள் மெயிலுக்கு வந்த லிங்கைத் திறந்து ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. அன்று பௌர்ணமி. மகள் மலைக்கு அந்தப் பக்கம் வேங்கிக்காலில் அத்தை வீட்டு லேப்டாப் முன்னால் இருந்தாள். நாலு மணிக்கு அத்தையின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஓடிபி வந்துச்சா?"

வரவில்லை. மலையைச் சுற்றி அத்தனை ஜனம், அத்தனை பேர் கையிலும் போன். டவர் திணறிக்கொண்டிருந்தது. கடையின் பிராட்பேண்டில் வாட்ஸ்அப் பேசலாம், எஸ்எம்எஸ் மட்டும் வராது. மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடியும் அனுப்பினாள். கடைசியில் அதிக முறை கேட்டுவிட்டீர்கள், வேறு வழியில் முயலுங்கள் என்று திரையில் வந்துவிட்டதாம். அவள் குரல் உடைந்தது. கையில் பிடித்திருந்த போனை எங்கேயாவது எறிந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

வேறு வழி என்றதும்தான் ஞாபகம் வந்தது. போன் கைகொடுக்காத நேரத்துக்கென்று பத்து மாற்று எண்களை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்திருந்தேன். எதிர்ப்பக்கம்தான். ஆனால் நடுவில் ஜனம் ஆறு மாதிரி ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. இறங்கினேன். நான் கடக்கவில்லை, அது என்னை இழுத்துக்கொண்டு போய் நாலு கடை தள்ளி விட்டது. அங்கிருந்து சுவரோரமாக ஊர்ந்து வந்தேன்.

"அந்தப் பேப்பரைக் குடுங்கக்கா. பாப்பாவுக்கு நம்பர் சொல்லணும்."

அக்காவின் கை இடுப்பில் சொருகியிருந்த பையை மூடிக்கொண்டது.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு நீதானப்பா சொன்ன. இப்ப நீயே வந்து நிக்கிற."

"மணி நாலே முக்கால் ஆவுது அக்கா."

"பாப்பாவே கேக்கட்டும், குடுக்கறேன்."

நான் சொல்லிக்கொடுத்ததை ஊரில் ஒழுங்காகக் கேட்டது அவர் ஒருத்தர்தான். கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு முன்னால் போனார். நான் அவர் முதுகை ஒட்டிக்கொண்டே போனேன்.

கடைக்கு வந்து மகளை மறுபடி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். பேசுவது தன் மகள்தானா என்று பார்க்க அக்கா முதலில் கேட்டது வேறு.

"நம்ம செவல மாடு என்ன கன்னு போட்டுச்சு?"

"கெடேரிம்மா. நம்பரைச் சொல்லும்மா."

அக்கா பேப்பரைப் பிரித்தார். என்னைப் பார்த்து, "நீ அந்தாண்ட திரும்பு" என்றார். வழக்கம்போல ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் அவர் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். ஒன்றை மாற்றிச் சொல்லி, திரும்ப முதலிலிருந்து. மணி நாலு ஐம்பத்து மூன்று. ரோட்டில் ஒரு முகமும் என் கண்ணில் பதியவில்லை.

"தொறந்துடுச்சும்மா." லேப்டாப்பில் தட்டும் சத்தம் கேட்டது. "உறுதி பண்ணிட்டேன்."

அக்கா கடைப் பேனாவை எடுத்து, அந்த எண்ணை மட்டும் அடித்துவிட்டுப் பேப்பரை மடித்தார். மகள் என்னைக் கூப்பிட்டாள். தயங்கிக்கொண்டே, "அண்ணா, உங்க நம்பரை எடுத்துட்டு அத்த நம்பரைப் போட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். எனக்குக் கழுத்திலிருந்து ஒரு கயிறு கழன்ற மாதிரி இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஆறு மணிக்கு அவளுடைய ஓடிபிகள் மொத்தமாக வந்து விழுந்தன. எல்லாம் காலாவதியானவை.

மறுநாள் கடைக்கு முதலில் வந்த பெரியவரை உட்காரவைத்து, உங்கள் கணக்கிலிருந்து என் நம்பரை எடுத்துவிடலாம் என்றேன். அவர் முகம் மாறியது.

"ஏம்பா, எங்கனா போறியா?"

"ஆமாங்க" என்றேன்.

நம்பரை நீக்க ஓடிபி கேட்டது. என் பையில் போன் அதிர்ந்தது.