நாற்பது லிட்டர்

தெக்லா மறுபடியும் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் தொங்கிய ஹீட்டரின் அடிப்பக்கம் துருப்பிடித்து, வைத்த வாளி நிரம்பித் தரையெல்லாம் ஓடியிருந்தது. அப்பா வாங்கி மாட்டிய ஹீட்டர். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த மாடிவீட்டில் மிஞ்சியது அவளும் தம்பி அனெஸ்தியும் அதுவும்தான்.

அனெஸ்தி மலையூர்களுக்குப் பஸ் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்ததும் முதலில் குளிப்பது அவன்தான். தெக்லா ஓட்டல் சலவைப் பிரிவில் பகலெல்லாம் ஆவியில் நின்று படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருவாள். அவளுக்குக் கிடைப்பது அவன் மிச்சம் வைத்த வெதுவெதுப்பு. அதில் அவளுக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. கதவுக்கு வெளியே நின்று, "சுவிட்சை அணைச்சியாடா?" என்று ஒரு குரல் மட்டும் தவறாமல் கொடுப்பாள். ஹீட்டரை அணைக்காமல் தண்ணீருக்கடியில் நிற்கிற தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

அவளுக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. லாரிசாவில் டிராக்டர் சாமான் கடை வைத்திருந்தவர். கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் போன தம்பி திரும்பட்டும் என்றாள். அவன் திரும்புவதற்குள் கடைக்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. தம்பியும் தானுமாக இப்படியே இருந்துவிடலாம் என்று அவள் நம்பியிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. குழாய்க்காரன் மந்தோஸ், தோளில் பெட்டியோடு நின்றான். புது ஹீட்டரைக் கடையில் சொல்லிவிட்டு வந்ததாக அனெஸ்தி முந்தாநாள்தான் சொல்லியிருந்தான். பெட்டியைப் பார்த்ததும் தெக்லா துணியைக் கீழே போட்டாள்.

"மந்தோஸ், பெட்டிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டே. நாப்பது லிட்டர்னு போட்டிருக்கு. எங்களுக்கு எண்பது வேணும்."

"இல்லக்கா, இதான். வீட்ல எத்தன பேருன்னு கேட்டேன். ஒரு ஆளுதான்னாரு தம்பி."

"ஒரு ஆளா? அப்ப நான் யாரு, சுவத்துப் பல்லியா?"

"அந்த ஒரு ஆளே நீங்கதானேக்கா. ஈஸ்டர் முடிஞ்சதும் தம்பி அக்ரியாவுக்குப் போறாராமே, பூக்கடை பெலாகியா வீட்டுக்கு. கல்யாணம் கூட..." மந்தோஸ் நிறுத்தினான். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மந்தோஸ் திங்கட்கிழமை வருகிறேன் என்றால் அது எந்த மாதத்துத் திங்கட்கிழமை என்பது அவனுக்கே தெரியாது. அதை நம்பித்தான் அனெஸ்தி, அக்காவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தான். மந்தோஸ் இன்று சனிக்கிழமையே வந்து நின்றான்.

"தெரியாம இருக்குமா?" என்றாள் தெக்லா. "மாட்டு. சூடு வருமில்ல?"

"ஒருத்தருக்குத் தாராளம்க்கா."

அவன் வேலை முடிக்கும்வரை அவள் அடுப்படியில் இருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். கூடவே, வீட்டுக்கு வந்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி ஒரு கரண்டி செர்ரிப்பாகும் வைத்தாள்.

சாயங்காலம் வந்த அனெஸ்தி, சுவரில் வெள்ளையாகத் தொங்கியதைப் பார்த்துக் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னிக்கே வந்துட்டானா? அக்கா, நானே சொல்லணும்னுதான்..."

"ஹீட்டர் கடையில சொல்லிட்டியே, போதாதா?"

"அவ நல்லவக்கா. நீ பாத்தா ஒனக்கும் புடிக்கும்."

"நான் என்ன அவளக் கொறையா சொன்னேன்?"

"ராத்திரி அவங்க வீட்ல சாப்பாடு. நீயும் வாயேன். நான் ஒரு குளியல் போட்டுட்டு..."

தெக்லா கொடியிலிருந்து துண்டை எடுத்தாள். "நான் குளிச்சிட்டு வரேன்."

அவன் வழிவிட்டான். அவனுக்கு முன்னால் அவள் குளிக்கப் போய் அவன் பார்த்ததில்லை. தாழ் விழுந்தது. கூடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவன், கதவருகே போய்க் கேட்டான்.

"அக்கா, சுவிட்சை அணைச்சியா?"

"அணைச்சாச்சு."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான். கதவிடுக்கில் கசிந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடியது.

தெக்லா முகமெல்லாம் சிவந்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, எனக்குச் சுடுதண்ணி மிச்சம் இருக்கா?"

தெக்லா கூடத்தைக் கடந்து தன் அறைக்குப் போனாள்.