வெள்ளைக்காரன் வரைந்த கோயில்

எங்கள் வீட்டுச் சாமியை வரைந்தவன் ஒரு வெள்ளைக்காரன். எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேணில் இருந்தோம். கும்பிடப் போக எங்களுக்குத் தெரிந்து அங்கே ஒரு கோயிலும் இல்லை. ஒரு சனிக்கிழமை, தேவாலயம் ஒன்றின் பழைய சாமான் விற்பனையில் சட்டம் போட்ட ஒரு படத்தைக் கண்டு அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் போன ஓவியன் எவனோ வரைந்தது. படித்துறை, ஆலமரம், தண்ணீர் குடிக்கும் மாடு, பின்னால் பனிமூட்டத்தில் இரண்டு கோபுரங்கள். குளிக்கிற பெண்களுக்கெல்லாம் சீமாட்டிகளின் மூக்கு.

அம்மா அதைக் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டி, கண்ணாடியில் சந்தனம் வைத்து, தினமும் விளக்கேற்றினார். என் காய்ச்சல் விட்டதும் அப்பாவின் வேலை நிரந்தரமானதும் அந்தக் கோபுரங்களின் அருள் என்பதே அவருடைய முடிவு.

ஒரு ஞாயிறு, அப்பாவோடு வேலை செய்த திருச்சிக்காரர் சாப்பிட வந்தார். முஸ்லிம், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவர். கைகழுவக் குசினிக்குள் வந்தவர் படத்தருகே குனிந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது கோயில் இல்ல, மசூதி. ரெண்டும் மினாரா. மரத்துக்குப் பின்னால பாருங்க, கும்மட்டம் தெரியுது."

பார்த்தோம். தெரிந்தது.

விருந்தாளியின் பள்ளிவாசலுக்குப் பொட்டு வைத்துவிட்டோமே என்று அப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அவசரமாகப் படத்தைக் கழற்றப் போனார்.

"இஞ்சருங்கோ, தொடாதேங்கோ," என்றார் அம்மா. "கேட்டதெல்லாம் தந்திருக்கு. இனி ஆளை மாத்த ஏலாது." பிறகு விருந்தாளியிடம் திரும்பி, "தம்பி, உங்கட ஆக்கள் குறை நினைப்பினமோ?" என்று கேட்டார்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யாரும் நினைக்க மாட்டாங்கக்கா. பொட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, மினாரா மறையுது."

அன்றே சந்தனம் கண்ணாடியிலிருந்து சட்டத்துக்கு இடம் மாறியது. அதன்பிறகு ஞாயிறுதோறும் அவர் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குப் போய், படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அம்மா உடனே அடுப்பைத் தணித்து, என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுவார்.

வெள்ளைக்காரன் வரைந்ததில் அவர் இன்னும் என்ன பிழை பிடிக்கப் போகிறார் என்று பார்க்க எனக்கு ஒரே ஆசை. அதைப் பார்க்க விடாத அம்மாமேல் ஒவ்வொரு ஞாயிறும் கோபம் கோபமாக வந்தது.