கடைசி வெள்ளைத்தாள்

ஒரு விண்வெளி நாவலுக்கு வாசகர்கள் எழுதிய கருத்துகளை மகள் செல்போனில் வாசித்துக் காட்டினாள். கதாநாயகி பாதி மனுஷி, பாதி வேற்றுக்கிரகத்தவளாம். எனக்கு மைதாப் பசையின் வாடை வந்துவிட்டது.

எண்பதுகளில், ராசிபுரத்தில், எங்களோடு ஒரே வீட்டில் இருந்த, சித்தப்பாவின் மனைவியான சின்னம்மா அப்படியொரு தொடர்கதையை வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, பசை காய்ச்சி பைண்டு செய்திருந்தார். தெருப் பெண்கள் அதை வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வெள்ளைத்தாளில் பெயர் போடாமல் கருத்து எழுதுவார்கள். எல்லாரும் கதாநாயகிக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மட்டும், ‘பாதி ஆளாக இந்த வீட்டில் இருப்பதற்கு அவள் வானத்திலேயே இருந்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தார். கதையில் வீடே கிடையாது.

என் நோட்டுகளுக்குப் பெயர் எழுதித் தருபவர் சின்னம்மாதான். கையெழுத்தைக் கண்டுபிடித்த பெருமையில் அதன் கீழே அவர் பெயரைப் போட்டுவிட்டேன்.

சின்னம்மாவின் தாய் வேறு சாதி. சின்னம்மா போடும் காபியை அப்பா தொடமாட்டார்.

புத்தகம் தெருவைச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதை அப்பாவிடமே கொடுத்து, “கடைசிப் பக்கத்தப் பாருங்க” என்றார்.

“ஊட்டு விசயத்த ஊருக்கே எழுதி வெச்சிருக்குது” என்றார் அப்பா.

சின்னம்மா என்னைத் திட்டவில்லை. “லேபிளெல்லாம் கொண்டா சாமி, பேரு எழுதித் தாரேன்” என்றார். கட்டு முழுவதும் என் பெயரை எழுதினார். வகுப்பை மட்டும் எழுதாமல் விட்டார். மறுநாள் சேலம் பஸ் ஏறியவர் திரும்பவில்லை. பத்தாவது வரை அந்த லேபிள்களைத்தான் ஒட்டினேன்.

“நானும் கருத்து எழுதட்டுமா? பேர் கேக்குதும்மா” என்றாள் மகள்.

“எழுது சாமி. பேர் மட்டும் போடாத.”