ஆஷ்பர்ன் உறுப்பினர் எழுந்திருக்கவில்லை

அவை எழுத்தர் "ஆம்ஸ்டெட்" என்று வாசிக்கும்போதே ஆல்வா பெர்ரின் தன் வேலையைத் தொடங்கிவிடுவார். முதலில் பூட்ஸ் போட்ட இரண்டு கால்களையும் தரையில் பதிய வைப்பார். பிறகு இடது கையால் மோவாயில் மட்டும் விட்டிருந்த தாடியைக் கீழிருந்து மேலாக ஒருமுறை தள்ளிவிட்டுக்கொள்வார், வாசலில் கிடக்கும் வைக்கோலை ஒதுக்குகிற மாதிரி. அப்புறம் ஒரு சின்னக் கனைப்பு. ஆம்ஸ்டெட்காரர் பதில் சொல்லி முடிப்பதற்கும் "ஆஷ்பர்ன், திரு. பெர்ரின்" என்று எழுத்தர் கூப்பிடுவதற்கும் நடுவே ஒரு மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். அதற்குள் அவர் தயாராகியிருப்பார்.

அது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் ஆண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலக் கீழவையில் ஊருக்கு ஓர் உறுப்பினர். எட்டாயிரம் பேர் இருக்கும் ஊருக்கும் ஒருவர்தான், எண்பது பேர் இருக்கும் ஊருக்கும் ஒருவர்தான். உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு அக்டோபரில் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் கூட்டத்தொடர் முழுக்க ஒரு பேச்சும் பேசாமல் வீடு திரும்புவார்கள். ஆல்வாவும் அந்த ரகம். ஆடு வளர்க்கிறவர், நாற்பத்தேழு வயது. அவையில் அவர் உதிர்த்ததெல்லாம் "ஆம்", "இல்லை" என்ற இரண்டு சொற்கள். இரண்டே சொற்கள் என்பதால் அவற்றை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

தலைநகரில் அவர் தங்கியிருந்தது விதவை ஓல்கட் அம்மாள் நடத்திய சாப்பாட்டு விடுதியில். அறைக்கு இருவர், கட்டில் ஒன்று, முகக்கண்ணாடி ஒன்று. கூட இருந்தவர் ஹோல்டன் ஊரின் உறுப்பினர் லெமுவேல் ஹாஸ்கின். வண்டிச் சக்கரம் செய்கிறவர், அறுபது தாண்டியவர். ஊர்த் தேவாலயத்தில் மூப்பர் என்பதால் எல்லோரும் அவரை டீக்கன் என்றே கூப்பிட்டார்கள். ஹோல்டனுக்கும் ஆஷ்பர்னுக்கும் பதினோரு மைல்.

அந்தப் பதினோரு மைலில்தான் சண்டை. மாவட்ட நீதிமன்றம் அறுபது வருஷமாக ஹோல்டனில் இருந்தது. இப்போது ரயில் வந்தது ஆஷ்பர்னுக்கு. நீதிமன்றத்தை ஆஷ்பர்னுக்கு மாற்றச் சொல்லும் மசோதா ஒன்று அவை முன் கிடந்தது. அது நிறைவேறினால் வக்கீல்கள், விடுதிகள், கடைகள் எல்லாம் பெயர்ந்து வந்துவிடும். ஆஷ்பர்ன்காரர்கள் கட்டடத்துக்கென்று ஒரு புல்வெளியையே ஒதுக்கிவிட்டார்கள். ஆல்வாவை வழியனுப்ப ரயிலடிக்கு வந்த ஊர்க் கடைக்காரர், "கோர்ட்டு இல்லாம வந்தீன்னா இறங்காதே, அப்படியே கனடாவுக்குப் போயிடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆல்வாவும் சிரித்தார். ஒன்பதே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் அவர்.

விடுதிச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஊர்களும் தினமும் மோதிக்கொண்டன.

"ரயிலு வந்துட்டா போதுமா? இனிமே நீதியும் டிக்கெட் வாங்கிட்டுத்தான் வரணுமா ஆல்வா?" என்பார் டீக்கன்.

"உங்க கோர்ட்டுல மழை பேஞ்சா ஜட்ஜு குடைய புடிச்சிக்கிட்டுல்ல தீர்ப்பு சொல்றாரு. போன வருஷம் ஒரு திருடன் ஜலதோஷம் புடிச்சே செத்துப்போனானாமே."

"அவன் செத்தது உங்க ஊரு சாராயத்துல."

"எங்க ஊருல ஏது சாராயம்? மதுவிலக்குச் சட்டம் இருக்குல்ல."

"அதான், சட்டத்துக்கு அப்புறம்தான் இன்னும் நல்லா கெடைக்குதாம்."

"என் மேஜை மேல கோர்ட்டு வேண்டாம். பீன்ஸ் ஆறுது, சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்று ஓல்கட் அம்மாள் அதட்டுவாள்.

வாக்கெடுப்பு வியாழக்கிழமை என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை காலை உணவின்போது டீக்கனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அதைப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். மனைவிக்கு விஷக்காய்ச்சல். ஆளை அடையாளம் தெரியவில்லையாம். உடனே வரச்சொல்லி மருத்துவர் எழுதியிருந்தார்.

அறையில் பையைக் கட்டிக்கொண்டே டீக்கன் கேட்டார்: "ஆல்வா, என்னோட ஜோடி போட்டுக்கிறியா?"

அவையில் அது பழைய வழக்கம். எதிரெதிராக வாக்களிக்கப் போகிற இருவர் ஜோடி சேர்ந்தால், ஒருவர் ஊருக்குப் போகலாம். இருக்கிறவர் வாக்களிக்க மாட்டார். தன் பெயர் வரும்போது எழுந்து, இன்னாருடன் ஜோடி சேர்ந்திருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். இதை எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை.

"இதென்ன கேள்வி டீக்கன். நீங்க கெளம்புங்க."

கைகுலுக்கினார்கள். வழிக்கு ரொட்டியும் குளிர்ந்த பன்றி இறைச்சியும் கட்டிக்கொண்டு வந்த ஓல்கட் அம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

வியாழன் பிற்பகல் அவையில் கணப்பு அளவுக்கு மீறி எரிந்தது. நனைந்த கம்பளிக் கோட்டுகளும் மென்று துப்பிய புகையிலையும் சேர்ந்து ஒரு வாடை. மாவட்டம் மாவட்டமாகப் பெயர்கள் போயின. ஆல்வாவின் மாவட்டம் கடைசி. பக்கத்து இருக்கைக்காரர் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் பிடித்துவிடும். ஆல்வா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடுகள் நடுவே ரயிலடியில் சிரித்த முகங்கள் தெரிந்தன.

"ஆம்ஸ்டெட்."

கால்கள் பதிந்தன. கை தாடியைத் தள்ளியது. கனைப்பு வந்தது.

"ஆஷ்பர்ன், திரு. பெர்ரின்."

"ஆம்" என்றார் ஆல்வா.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இதுவரை அது வெறும் வாய்த்தவறுதான். ஆறு வாரம் ஒரே வேலையைச் செய்து பழகிய உடம்பு தானாகச் செய்துவிட்டது. இதற்கு எந்தக் கடவுளும் அவரைத் தண்டித்திருக்க மாட்டார்.

எழுத்தர் மேலே போனார். "ஹோல்டன், திரு. ஹாஸ்கின்." பதில் இல்லை. வழக்கப்படி இரண்டாம் முறை கூப்பிட்டார். "திரு. ஹாஸ்கின்." அந்தக் காலி நாற்காலி ஆல்வாவுக்கு நேர் முன்வரிசையில் இருந்தது. அதன் முதுகில் டீக்கன் மறந்துவிட்டுப் போன கழுத்துத்துணி தொங்கியது.

கடைசிப் பெயரும் முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கோடுகளைக் கூட்டிவிட்டு ஆல்வாவின் பக்கம் சாய்ந்தார்.

"நூத்தி நாலு, நூத்தி மூணு. ஜெயிச்சிட்டீங்க ஐயா. ஒண்ணு கொறஞ்சிருந்தா சமமாகி மசோதா குழிக்குள்ள போயிருக்கும்."

சபாநாயகர் முடிவை அறிவிப்பதற்கு முன் தலை நிமிர்ந்து, எப்போதும் கேட்பதைக் கேட்டார்: "தமது வாக்கைத் திருத்த விரும்பும் உறுப்பினர் எவரேனும் உண்டா?"

எழுந்து நின்றால் போதும். 'ஜோடியை மறந்துவிட்டேன், என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன்.' அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு பேராவது அப்படி எழுந்து அசடு வழிந்துவிட்டு உட்கார்வார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆல்வா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். யாருடைய குதிரையோ கொள்ளுப்பைக்குள் முகத்தை விட்டபடி நின்றிருந்தது. பையின் அடியில் மிச்சமிருந்ததை எட்டுவதற்குத் தலையைத் தூக்கித் தூக்கி உதறியது. அது நாலு முறை உதறும்வரை சபாநாயகர் காத்திருந்தார். பிறகு சுத்தியல் விழுந்தது.

அன்று மாலை விடுதி மேஜையில் ஆப்பிள் பை என்ற பழப் பலகாரம் வந்தது. மற்ற ஆறு பேருக்கும் வழக்கம்போல அதன் பக்கத்தில் ஒரு துண்டு சீஸ் இருந்தது. ஆல்வாவின் தட்டில் இல்லை.

"டீக்கன் கெளம்பறப்போ கைகுடுத்தீங்களே மிஸ்டர் பெர்ரின், அது என்னத்துக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் ஓல்கட் அம்மாள்.

"வாய் தவறிடுச்சும்மா."

"வாய் தவறினா என்ன, கால் இருக்குல்ல? எந்திரிச்சு நிக்கறதுக்குத்தானே அது."

மற்ற ஆறு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து டீக்கன் திரும்பி வந்தார். மனைவி பிழைத்துவிட்டாள், தலைமுடி மட்டும் கொட்டிவிட்டது என்றார். ஆல்வா படிக்கட்டிலேயே அவரை மறித்தார்.

"டீக்கன், அந்த ஓட்டு..."

"கேள்விப்பட்டேன்."

"வாய் தவறிடுச்சு. பழக்கதோஷம்."

டீக்கன் பையை மறு கைக்கு மாற்றினார். "நடக்கறதுதான். வழிய விடு, பை கனக்குது."

இந்தப் பதில்தான் ஆல்வாவை அரித்தது. திட்டியிருந்தால் கணக்கு ஒருவழியாக நேராகியிருக்கும். மறுநாள் காலை சவரம் செய்துகொள்ள ஆல்வா வந்தபோது, டீக்கன் எப்போதும்போல ஒதுங்கிக் கண்ணாடியில் பாதியை விட்டுக்கொடுத்தார். அந்தப் பாதியில் தன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆல்வா கன்னத்தைக் கீறிக்கொண்டார். கூட்டத்தொடர் முடியும்வரை கன்னத்தைக் குருட்டாம்போக்கில்தான் மழித்தார்.

ஆஷ்பர்னில் தேவாலயக் கூடத்தில் சிப்பி விருந்து வைத்தார்கள். ரயிலில் பீப்பாயில் வந்த சிப்பி. கடைக்காரர் எழுந்து, "ஒரே ஒரு ஓட்டு! அது நம்ம ஆல்வாவோட ஓட்டு!" என்று கத்தினார். கால்களால் தரையைத் தட்டினார்கள். தட்டியவர்களைப் பார்த்து ஆல்வா தலையசைத்தார். தன் தட்டுச் சிப்பியைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார்.

அவர் மனைவி தர்சா கிறிஸ்துமஸ் வரை ஒன்றும் கேட்கவில்லை. கணவரை அவள் எப்போதும் மிஸ்டர் பெர்ரின் என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் வெண்ணெய் கடைந்துகொண்டே, "ஆல்வா" என்றாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஊரே உங்கள தூக்கி வெச்சு ஆடுது. நீங்க என்னடான்னா ஆட்டைக் களவாண்டவன் மாதிரி திரியறீங்க. என்ன நடந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னார். குதிரையைக்கூட விடவில்லை.

அவள் மத்தை நிறுத்தவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவருகிட்ட போயி சொல்லுங்க."

போவதற்கு மூன்று மாதம் பிடித்தது. முதலில் பனி, பிறகு ஆடுகள் குட்டி போடும் காலம், பிறகு பாதையெல்லாம் சேறு. காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மார்ச் கடைசி வாரத்தில் ஒருநாள் நடுப்பகலில் அவர் ஹோல்டனுக்கு வண்டியை ஓட்டினார். மேப்பிள் மரங்களில் சாறு வடிய வாளிகள் தொங்கின. டீக்கன் பாகு காய்ச்சும் கொட்டகையில் தனியாக இருந்தார். ஆவியில் ஆள் பாதிதான் தெரிந்தார்.

"யாரு, ஆல்வாவா? வா. கோர்ட்டுல எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா, எடுத்துட்டுப் போக வந்திருக்கே?"

ஆல்வா சிரிக்கவில்லை. "டீக்கன், அது வாய் தவறினது இல்ல."

"பாகு பொங்குது பாரு. அந்தக் கொழுப்புத் துண்டைத் தூக்கிப் போடு."

ஆல்வா போட்டார். நுரை அடங்கியது.

"சொன்னது வேணா தவறி வந்திருக்கலாம். ஆனா சபாநாயகர் திருத்தணுமான்னு கேட்டாரு. என் காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. நான் எந்திரிக்கல."

"ம்."

"உங்க ஊருக்காரங்க முன்னால வந்து சொல்றேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நின்னு சொல்றேன். கோர்ட்டு திரும்பி வராது, தெரியும். ஆனா யாரால போச்சுன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

அதுவரை பாகையே பார்த்துக்கொண்டிருந்த டீக்கன் சட்டென்று திரும்பினார். கரண்டியிலிருந்து பாகு சொட்டி அவர் பூட்ஸ்மேல் விழுந்தது. "வேண்டாம்."

"ஏன் டீக்கன்?"

"எங்க ஊருல ஒருத்தர்கிட்டயும் நீ மூச்சு விடக்கூடாது. இன்னிக்கும் சரி, நான் செத்ததுக்கு அப்புறமும் சரி. கையக் குடு."

ஆல்வா தயங்கினார்.

"குடுய்யா. இங்க சபாநாயகர் எல்லாம் இல்ல, திருப்பிக் கேக்க மாட்டாங்க. நீயும் நானும்தான்."

கை கொடுத்தார். டீக்கன் ஒரு கரண்டி பாகை வெளியே பனியில் ஊற்றி, அது இறுகியதும் உடைத்துத் தின்னக் கொடுத்தார். வேறு எதையும் பேச விடவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஆல்வா யோசித்தார். வயசான மனுஷனின் கௌரவம். ஏமாந்தவன் என்று ஊர் பரிதாபப்படுவது அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது. அப்படித்தான் அவர் முடிவு செய்துகொண்டார்.

இந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று போனவர், பாரத்தோடு ஒரு பூட்டையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மறு ஆண்டு அவரையே அவைக்கு அனுப்ப ஊர் விரும்பியபோது, ஆடுகளைச் சாக்குச் சொல்லி மறுத்துவிட்டார். ஆஷ்பர்ன் புல்வெளியில் செங்கல் நீதிமன்றம் எழுந்தது. தேவாலயத்துக்குப் போகும்போது அந்த வழி வேண்டாமென்று கால் மைல் சுற்றிப் போவார். ஹோல்டனில் விடுதி இரண்டும் மூடப்பட்டன. வண்டிகள் வருவது குறைந்ததால் டீக்கனின் சக்கரப் பட்டறையிலும் வேலை குறைந்தது. டீக்கன் எழுபத்துநாலாம் ஆண்டில் இறந்தார். அடக்கத்துக்குப் போன ஆல்வா, அங்கே ஹோல்டன்காரர்கள் ரொம்பக் கொஞ்சமாகவே வந்திருந்ததைக் கவனித்தார். மழை காரணமாக இருக்கும் என்று தர்சாவிடம் சொன்னார். ஆல்வா எண்பத்தொன்பதாம் ஆண்டில் சளிக்காய்ச்சலில் போனார்.

அவரும் போய்ப் பல காலம் கழித்து, ஒரு வேலி எல்லைத் தகராறுக்காக ஹோல்டனின் பழைய ஊர்க்கூட்டப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டி வந்தது. அறுபத்தேழாம் ஆண்டு மார்ச் முதல் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் குறிப்பு அதில் இருந்தது. ஆல்வா பாகு கொட்டகைக்குப் போனதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி அது. ஏன் யாரோடும் ஜோடி சேராமல் தலைநகரை விட்டு வந்தீர் என்று ஊரார் கேட்டதற்கு, புறப்பட்ட அவசரத்தில் யாரையும் கேட்க மறந்துவிட்டதாகவும், பிழை முழுவதும் தன்னுடையதே என்றும் திரு. லெமுவேல் ஹாஸ்கின் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். இனி அவரை ஊர் சார்பாக எந்தப் பொறுப்புக்கும் அனுப்புவதில்லை என்று கைதூக்கி முடிவு செய்திருக்கிறார்கள்.