வைகை நடுவில் ஒரு பந்தி

என் தங்கை மகள் போன வாரம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நாங்க லீவுல போற ஊர்ல ஆத்துல படகுச் சாப்பாடு இருக்காம். சாயங்காலம் ஏத்தி, சோறு போட்டு, இறக்கி விடுவாங்களாம். நீங்க இம்புட்டு ஊர் சுத்தி எழுதுறீங்க, படகு விருந்தப் பத்தி ஏன் ஒரு வரி கூட எழுதல?" என்றாள். நியாயமான கேள்வி. ரயில், பஸ், மாட்டுவண்டி எல்லாவற்றையும் பற்றி இந்தத் தளத்தில் எழுதித் தீர்த்துவிட்டேன். படகை மட்டும் தொடவில்லை. காரணம், வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஆற்றில் மிதந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில், வைகையில்.

மதுரைக்காரர்கள் இப்போது சிரிப்பீர்கள். வைகையில் மாடு மேயும், கிரிக்கெட் நடக்கும், துணி காயும். படகுக்கு எங்கே தண்ணீர்? நானும் அப்படித்தான் சிரித்தேன், ஏறும் வரைக்கும்.

அது கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை. எட்டு மாதக் கைக்குழந்தை வள்ளிக்கு மொட்டை போட எழுமலையில் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைக் கூட்டிப்போகக் கணவர் காலையிலேயே வந்துவிட்டார். எழுமலையிலிருந்து உசிலம்பட்டி, அங்கே பஸ் மாறி மதுரை. மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து பஸ், கை காட்டிய ஆட்டுக்கெல்லாம் நிற்கும். செக்கானூரணி தாண்டிய பிறகுதான் மனிதர் மெல்ல வாயைத் திறந்தார்.

"சாயங்காலம் சம்பந்தி விருந்து. ஆத்துல வச்சிருக்கோம்."

"ஆத்தங்கரையிலயா?"

"கரையில இல்ல. ஆத்துக்குள்ள. தண்ணி மேல."

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு. கிணற்றை எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். நீச்சல் தெரியாது. மடியில் மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை. "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். "கொழுந்தன் கல்யாணம் முடிஞ்சு மொத விருந்து. மூத்த மருமக இல்லாம எப்படி?" என்றார். வீட்டுக்கு மூத்த மருமகள் என்றால் அப்படித்தான்.

எங்கள் வீடு செல்லூரில், ஆற்றின் வடகரையில். மதுரையில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தோம். கோரிப்பாளையத்துக்காரர் ஒரு பாய் மிதித்தார். "தரைப்பாலத்து மேல தண்ணி வழியுதும்மா, பெரிய பாலத்துல சுத்தித்தான் போகணும்" என்றார். பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். மணலைக் காணோம். காவி நிறத்தில் நுரையும் கருவேல முள்ளுமாகத் தண்ணீர் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது.

"அணையில தொறந்து விட்டுருக்காங்க. கரையில நின்னு பாருங்க, காலக் கீல விட்டுறாதீங்க" என்றார் பாய். நான் கணவரைப் பார்த்தேன். அவர் கோபுரம் தெரிகிறதா என்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் என் நாத்தனார் கணவர், முத்துராமன் அண்ணன். செல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். கையில் இரும்பு கிடைத்தால் சும்மா இருக்காத ஆள். மதுரைக்காரருக்கு மிதப்பது என்றால் தெப்பம்தான். அதனால் காலித் தார் டிரம்களைக் கட்டி, மேலே பலகை அடித்து, நாலு கால் நட்டு, பந்தல் போட்டு, வாழை மரமும் கட்டி, அசல் தெப்பமாகவே செய்துவிட்டார். கரைக்குக் கரை ஒரு தேங்காய்நார் வடம். அதில் இரும்பு வளையம் மாட்டித் தெப்பத்தைப் பிணைத்திருந்தார். வடகரையில் தறிக்கார நண்பர்கள் இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடு ஆற்றுக்கு விடுவதும் திரும்ப இழுப்பதும் அவர்கள் வேலை. தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும், ஆற்றில் ஓடும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பயப்படாத தங்கச்சி, ஆளுக்கு ஒரு மூட்டைன்னு மணல் ஏத்தி நேத்தே சோதிச்சுட்டேன். அசையல" என்றார் அண்ணன். மணல் மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும், மனுஷன் கிடப்பானா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தரை மணிக்கு ஏறினோம். இரு வீட்டாரும் சேர்ந்து இருபத்தைந்து பேருக்குக் குறையாது. வழக்கமாக ஆண்கள் பந்தி முதலில், பெண்கள் பந்தி பிறகு. ஆற்றில் ஒரே நடைதான் என்பதால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். பாய் விரித்து எதிரெதிராக இரண்டு வரிசை. மேற்கு வரிசையில் நான், மடியில் வள்ளி. எனக்கு நேர் எதிரே கிழக்கு வரிசையில் புதுப்பெண் சாந்தி, இரண்டு வாரம் முன்பு என் ஓரகத்தியானவள். அதுவரை நாங்கள் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. அந்த வரிசையின் தலைமாட்டில் அவளுடைய பெரியப்பா, கப்பலூரில் அரிசி மில் வைத்திருந்தவர். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மரியாதை.

தெப்பம் நகர்ந்தது. அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெற்கே கோபுரங்கள் தெரிய, மேற்கே வானம் சிவந்தது. அண்ணன் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றிப் பந்தல் காலில் மாட்டினார். பச்சை இலையில் சாம்பார் வாசனை. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். நான் வள்ளியை முந்தானையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "பந்திக்கு முந்துன்னு சொன்னா, இவ பிந்துறா பாரு" என்று கணவர் கேலி செய்தார். ஆற்றைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இலையைப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. ரசம் ஊற்றினார்கள். பரிமாறியவர் எதிர் வரிசைக்கு நகர்ந்ததும் ரசம் சோற்றில் நிற்காமல் கிழக்கே ஓடியது. அவர் மேற்கே திரும்பியதும் என் மடியை நோக்கி ஓடி வந்தது. அடுத்த நடைக்கு அப்பள‌க்கூடையும் பொரியல் சட்டியும் மோர் வாளியுமாக மூன்று பேர் ஒரே நேரத்தில் கிழக்கு வரிசையில் குனிந்தார்கள். அந்தப் பக்கம் சட்டென்று இறங்கியது. பலகை மேல் ஒரு சாண் தூரத்துக்குத் தண்ணீர் ஏறி, சாந்தியின் சேலையைப் பின்னாலிருந்து நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. கிழக்கு வரிசையில் ஒரே சிரிப்பு. "ஆறும் சாப்பிட வந்துருக்கு" என்றார் பெரியப்பா.

நான் முத்துராமன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார், பிறகு கிழக்கு ஓரத்தைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

மூன்று பக்கமும் மூங்கில் தடுப்பு கட்டியிருந்தார். கிழக்கே மட்டும் கட்டவில்லை. கை கழுவத்தான்! ஆறே ஓடும்போது தண்ணீர் டிரம் எதற்கு என்று அந்தப் பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார். நம் பந்தி எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி எழுந்திருப்பது மரியாதை இல்லை. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், பெரியவர் இலையை மூட வேண்டும், உடனே மொத்தப் பந்தியும் ஒன்றாக எழுந்து கை கழுவப் போகும். மூன்று பேர் குனிந்ததற்கே ஆறு உள்ளே வந்தது. இருபத்தைந்து பேரும் எழுந்து அந்த ஒரே ஓரத்துக்குப் போனால்? ஆறு போகும் பக்கம், கிழக்கே, தரைப்பாலத்தில் தண்ணீர் விழும் இரைச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணன் கரையைப் பார்த்துத் துண்டை ஆட்டினார். நான் பார்த்ததை அவர் கவனித்திருக்க வேண்டும், ரச வாளியோடு என் முன்னால் வந்து குனிந்தார்.

"இழுக்கச் சொல்லிட்டேன் தங்கச்சி. ஆனா தண்ணி வேகத்துல மெதுவாத்தான் வரும்" என்றார், உதடு அசையாமல்.

"யாரும் எந்திரிக்காதீங்கன்னு சொல்லிருங்கண்ணே."

"சொன்னா ஏன்னு கேப்பாக. காரணம் தெரிஞ்சா அம்புட்டுப் பேரும் பதறி எந்திரிச்சிருவாக. அதோட முடிஞ்சது."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் பயம் இரண்டு மடங்கானது. பாயசம் முடிந்துவிட்டது. மோர்ச் சோறும் முடிந்துவிட்டது. பரிமாற ஒன்றும் பாக்கி இல்லை. பெரியப்பா விரலை வழித்து முடித்து, நிமிர்ந்து, எல்லாருக்கும் ஆயிற்றா என்று வரிசையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். கை இலையின் மேல் விளிம்புக்குப் போனது. நம் பக்கத்து வழக்கப்படி இலையை மூடிவிட்டால் முடிந்தது.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் சோறு" என்றேன். சத்தமாக.

பெரியப்பாவின் கை நின்றது. பந்தியே திரும்பிப் பார்த்தது. சம்பந்தி வீட்டார் முன்னால், பாயசம் முடிந்த பிறகு, மூத்த மருமகள் மறுபடி சோறு கேட்கிறாள். மாமியார் பார்த்த பார்வையில் நான் ஆற்றில் குதித்திருக்கலாம். அண்ணன் ஓடிவந்து ஒரு கரண்டி வைத்தார். "இம்புட்டுப் போதுமா?" என்று கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இன்னும் வைங்கண்ணே" என்றேன்.

பயந்துகொண்டே சோறு தின்றிருக்கிறீர்களா? இறங்காது. ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்துத் தள்ளினேன். வடம் கிறீச் கிறீச் என்றது. தெப்பம் சாண் சாணாகத்தான் நகர்ந்தது. வள்ளி விழித்துக்கொண்டு இலையில் கையை வைத்து அளைந்தாள். நிமிர்ந்து கரையைப் பார்த்தால் அது இருந்த இடத்திலேயே இருப்பதுபோலத் தெரிந்தது. கரண்டி கரண்டியாகக் கேட்டேன். ரசம் கேட்டேன், மோர் கேட்டேன், ஊறுகாய் கேட்டேன். கப்பலூர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பிள்ளைக்குப் பால் குடுக்குறவ, பசிக்கத்தான் செய்யும். விடுங்க" என்றார் பெரியப்பா பெருந்தன்மையாக. சொல்லிவிட்டுக் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். அதற்கே தெப்பம் ஒரு ஆட்டம் ஆடியது.

பிறகு வாளியை அண்ணன் சுரண்டும் சத்தம் கேட்டது. சோறு தீர்ந்துவிட்டது. என் இலையில் கடைசிப் பிடி. கரைக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. பெரியப்பாவின் கை மறுபடி இலைக்குப் போனது. பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"எனக்குக் கொஞ்சம் மோர் வேணும்" என்றது ஒரு குரல். சாந்தி. புதுப்பெண் வாய் திறந்து கேட்டால் யார் மறுப்பது? மோர் வந்தது. அவள் அதைக் கையில் ஏந்தி, குருவி குடிப்பதுபோல, சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். முடிந்ததும், "இன்னும் கொஞ்சம், உப்புப் போட்டு" என்றாள். உப்புக்கு அண்ணன் தேடு தேடென்று தேடினார். உப்பு அவர் காலடியில்தான் இருந்தது.

டிரம் மணலில் உரசியது. பெரியப்பா இலையை மூடினார். பந்தி மொத்தமும் எழுந்து கிழக்கு ஓரத்துக்குப் போனது. தெப்பம் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்து, பாய், இலை, வாளி, சம்பந்திகள் எல்லாரையும் முழங்கால் தண்ணீரில் கொட்டியது. பெரியப்பா வேட்டி நனைய உட்கார்ந்தபடி, "விருந்தும் ஆச்சு, குளியலும் ஆச்சு" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் மேற்குத் தடுப்பைப் பிடித்த பிடியை விடவில்லை. முத்துராமன் அண்ணன் வள்ளியை என்னிடமிருந்து வாங்கிக் கரைக்குக் கொண்டுபோனார். மறுநாளே டிரம்களைப் பிரித்து விற்றுவிட்டார். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

படகு விருந்துக்குப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை. வெளிச்சம் இருக்கும்போதே ஏறுங்கள். குழந்தைக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் இறங்கிவிடுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் மட்டும் போதாது, எல்லாரும் ஒரே பக்கம் போனால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கை கழுவும் இடம் எங்கே என்று பாருங்கள். இருபுறமும் இருந்தால் நல்லது. அணையில் தண்ணீர் திறந்த நாளில் எந்த ஆற்றிலும் ஏறாதீர்கள், சம்பந்தியே கூப்பிட்டாலும் சரி.

கப்பலூர் வீட்டில் எனக்கு அன்றைக்கு விழுந்த பெயர் இன்றும் போகவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் இலையில் இரண்டு கரண்டி கூடுதலாக விழும், நாலு பேர் சிரிப்பார்கள். சாந்தி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் செல்லூர் வந்து ஒரு வருஷம் கழித்து, அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "அன்னைக்கு மோர் ஏன் கேட்ட? உனக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள். "நீங்க அழுதுகிட்டே தின்னீங்க. பசியில திங்கிறவ அழ மாட்டா. பந்தி எந்திரிக்கக் கூடாதுன்னுதான் உக்காந்துருக்கீங்கன்னு பட்டுச்சு. ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்னு மோர் கேட்டேன்."