பூட்டு எண்ணைக் கேட்கிறவள்

சிம் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் உல்கான் கேட்பாள். கொடுத்துவிட்டால் ஆள் நிற்கமாட்டான். "உன் போன் பூட்டு நம்பர் வீட்ல யாருக்குத் தெரியும்?"

அட்-பாஷி பேருந்து நிலையத்தில், தலைநகர் பிஷ்கெக் போகும் வேன்கள் ஆள் நிரம்பக் காத்துக் கிடக்கும் மூலையில் இருக்கிறது அவளது கண்ணாடிப் பெட்டிக் கடை. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிற இளைஞர்கள். கேள்வியைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். வழியனுப்ப வந்த பெண்கள் அபசகுனம் கழியத் தங்கள் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பேச்சு காத்தோட போகட்டும்" என்பார்கள். வேன் ஓட்டுநர்கள் ஒரு கேலி வைத்திருக்கிறார்கள்: "உல்கான் அக்கா கடையில சிம் வாங்கினா பொணத்துக்குச் சுத்துற கபன் துணி இலவசம்."

அவள் கோபித்துக்கொள்வதில்லை. சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிவிட்டு, மனைவியை அங்கேயே போனில் அழைத்து எண்ணைச் சொல்லச் சொல்வாள். அதைத் தான் கேட்கக் கூடாது என்று கடைக்கு வெளியே போய்க் காதுகளைப் பொத்திக்கொண்டு பனியில் நிற்பாள். அம்மாவிடம் சொன்னால் போதாதா என்று ஒருவன் இழுத்தான். "அம்மாகிட்ட சொன்னா அப்பாகிட்ட போகும். அப்பாகிட்ட போனா ஊர்ப் பெரியவங்க கைக்குப் போகும். பொண்டாட்டிகிட்ட சொல்லுடா."

அவள் கணவன் தாலாய், ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். குடித்துவிட்டு ஏறினான் என்று மேஸ்திரி சொன்னான். தாலாய் குடிக்கமாட்டான். சாரத்தில் பலகை இல்லை, பிடிக்கக் கயிறு இல்லை என்று நாள்தோறும் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். விடுமுறைக்கு வரும்போது காட்டுவதாகச் சொல்லியிருந்தான். சவப்பெட்டியோடு அந்தப் போனும் வந்தது, பூட்டியபடி.

வழக்கப்படி, விதவையைக் கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அவள் அழ வேண்டும், அவ்வளவுதான். கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் போனைக் கையில் எடுத்தார்கள். வயதில் மூத்தவர் முதலில். மாமனாரின் அண்ணன் தன் தம்பி பிறந்த ஆண்டைத் தட்டினார். மாமனார் மகன் பிறந்த நாளை. இன்னொருவர் நாடு விடுதலையான ஆண்டை. ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொல்லித்தான் தட்டினார்கள். கம்பளிக்கு இந்தப் பக்கம் அத்தனையும் கேட்டது. சரியான எண், அவளை மணமுடித்துக் கூட்டிவந்த தேதி. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மாமியாரின் காதில் தனக்குத் தெரியும் என்றாள். "இப்பவா? அழு" என்று மாமியார் தொடையில் கிள்ளினாள். அழுதாள். கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ, "தப்பாவே தட்டித் தட்டி எல்லாம் அழிஞ்சிடுச்சு போல" என்றார்.

படங்களின் பிரதி இணையக் கணக்கில் இருக்கும் என்று பின்னால் தெரிந்தது. கணக்கைத் திறக்கும் சங்கேத எண், தாலாயின் ரஷ்ய எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம்மைப் பெரியவர்கள் 'பத்திரமாக' வைத்திருந்ததில் அது காலாவதியாகிவிட்டது. ஒருநாள் அந்த எண்ணை அழைத்தாள். யாரோ ஒரு ரஷ்யப் பெண் எடுத்து, யார் நீங்கள் என்று கேட்டாள்.

ஆக, ஊரில் தாலாய் இன்றைக்கும் குடித்து விழுந்தவன்தான். எழுந்து வெளியே போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள், அடித்திருப்பார்களா, என்று உல்கான் தன்னையே கேட்டுக்கொள்வாள். அடித்திருக்கமாட்டார்கள் என்பதுதான் அவளைத் தூங்கவிடாத பதில்.

போன வாரம் கொழுந்தன் பெக்தூர் அதே ரஷ்யாவுக்குக் கிளம்பினான். வழியனுப்பு விருந்து. அவன் புது மனைவி நுர்ஸாத், மருமகளுக்கு உரிய இடத்தில், வாசலோரம் உட்கார்ந்து மரியாதைப்படி அரைக் கோப்பை அரைக் கோப்பையாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கறி முடிந்து விரிப்பில் எலும்புகளும் பூரிசோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளும் மிஞ்சிய நேரத்தில் உல்கான் வாயைத் திறந்தாள். கொழுந்தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அவனை அவள் அழைப்பது கடைக்குட்டி என்று.

"கடைக்குட்டி, உன் போன் பூட்டு நம்பரை நுர்ஸாத்கிட்ட சொல்லிட்டியா?"

"என் போன்ல என்ன இருக்கு அண்ணி, ஆட்டுப் படம்தான்" என்று அவன் சிரித்தான். அவள் விடவில்லை. சரி, அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான். நுர்ஸாத் தலை நிமிரவில்லை. ஊற்றிய தேநீர் கோப்பை விளிம்புவரை ஏறிவிட்டது.

"கிளம்புற பிள்ளைகிட்டப் பேசுற பேச்சா இது?" என்றார் மாமனார்.

உல்கான் அவரைப் பார்க்காமல், விரிப்பைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு உன் அண்ணன் போனை இவங்க எல்லாம் வரிசையா தட்டினாங்களே, கடைக்குட்டி. அந்த நம்பர் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தப்பு நம்பரும் உள்ள கேட்டுச்சு."

மாமியார் விரிப்பிலிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். மாமனார் முதல் தடவையாக உல்கானை நேராகப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாதவர் கேட்பது போலிருந்தது.

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

உல்கான் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் குனிந்தே இருந்தாள். உல்கானின் உதடுகள் பிரிந்தன. அதற்குள் மாமனார், விருந்தை முடித்துவைக்கும் வாழ்த்துக்காக இரு கைகளையும் ஏந்திவிட்டார். கை ஏந்தியபின் பேச்சு கிடையாது. எல்லோர் கைகளும் உயர்ந்தன. பெக்தூரின் பயணம் நல்லபடி அமையட்டும் என்று சொல்லி எல்லோரும் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டார்கள்.

உல்கானும் தடவினாள். அவள் கைகள் மட்டும் வாய்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டன.