நாகவள்ளியின் மூன்றாவது சரணம்

நாகவள்ளி இறந்த செய்தி துபாய்க்கு வந்த வாரத்தில், அவள் பாடிய ஹோட்டலின் பாரில் அவளுடைய படத்தை மேடையில் வைத்து அஞ்சலி நடத்தினார்கள். படத்துக்கு மாலை போட விரும்பியவர்கள் அதைக் கவுண்டரில் வாங்க வேண்டும். பீரோடும் வறுத்த மீனோடும் சேர்ந்து அதுவும் பில்லில் வந்தது. படத்தின் மேல் பத்து மாலை சேர்ந்ததும் ஒரு வெயிட்டர் அவற்றைக் கழற்றிக் கவுண்டருக்குக் கொண்டுபோனார். அடுத்து வந்தவர் அதே மாலைகளில் ஒன்றை வாங்கினார். அந்த பாரில் பார்த்த வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தாலும், செய்தி கேட்டு நானும் போயிருந்தேன். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

அவளுடைய ஊர் வேடசந்தூர். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருவிழாக்களில் பாடும் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தாள். சந்தியாவும் விஜியும் அங்கே பாடியவர்கள். சினிமாப் பாட்டுகளை மட்டுமே பாடி அலுத்துப்போன மூவரும், ஊர் ஊராகப் போகும் வேனில் தாங்களே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். மெட்டும் வரிகளும் நாகவள்ளியுடையவை. விஜிக்கு அடிக்குரல், சந்தியாவுக்கு உச்சக்குரல். நடுவில் நின்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போவது நாகவள்ளி. குழுவுக்குக் 'கொலுசு' என்று பெயர் வைத்தார்கள். நான்கு பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்து திண்டுக்கல் பேருந்து நிலையத்துக் கடைகளில் கொடுத்தார்கள். பெண்கள் மட்டும் பாடும் பாப் குழு என்று சொன்னதும் கடைக்காரர்கள் கேசட்டைப் போட்டுக் கேட்கவில்லை. அட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிளாமராக இருந்தால் போகும் என்றார்களாம்.

அப்போதுதான் ஏஜெண்ட் ஒருவன் வந்தான். துபாயில் பெண்கள் இசைக் குழுவுக்கு நல்ல மதிப்பு, சொந்தப் பாட்டு பாடலாம், சி.டி. போடுவார்கள் என்றான். 2003ஆம் ஆண்டுக் கடைசியில் மூன்று மாத விசாவில் மூவரும் வந்து இறங்கினார்கள்.

தேரா என்ற பகுதியில், ஏழாவது மாடியில் ஒரு ஃபிளாட். கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். மத்தியானம் ஒத்திகைக்கும் இரவு எட்டு மணிக்கும் வேன் வரும், விடியும் முன் திரும்பக் கொண்டுவந்து விடும். பாஸ்போர்ட்டுகள் பார் மேனேஜர் சேதுமாதவனின் அலமாரியில் இருந்தன. ஹோட்டல் வாசலில் இருந்த பலகையில் கொலுசு என்ற பெயர் இல்லை. 'புதிய தமிழ்ப் பெண்கள்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து விஜி மட்டும் கேள்வி கேட்டாள். சேதுமாதவன் பெயரெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த பாரின் மாலை வழக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜிகினாவும் பிளாஸ்டிக் பூவும் கோத்த மாலைகள் அவை. பிடித்த பாடகிக்கு வாடிக்கையாளர் ஒரு மாலை வாங்குவார். அவர் அவளைத் தொடக் கூடாது, வெயிட்டர்தான் கொண்டுபோய்ப் போடுவார். மாலை கழுத்தில் விழுந்ததும் கீபோர்டு நிற்கும். பன்னிரண்டாம் டேபிள் வைரவன் அண்ணன் அவர்கள் அன்புடன் வழங்கும் மாலை என்று அறிவிப்பாளர் சொல்வார். அவள் அந்த டேபிளைப் பார்த்துக் கையசைத்துச் சிரிக்க வேண்டும். பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும், அடுத்த மாலை வரும்வரை. கழற்றிய மாலை கவுண்டருக்குப் போய் மறுபடி விற்பனைக்கு வரும். ஒரே மாலை ஓர் இரவில் பதினைந்து முறை கழுத்துகளில் ஏறி இறங்கும். வியர்வை, பவுடர், அத்தர், சிகரெட் புகை, மீன் பொரித்த எண்ணெய் எல்லாம் அதில் ஊறியிருக்கும். கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். மூன்று பேருக்கும் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. விஜியும் சந்தியாவும் ஏதோ களிம்பு தடவிக்கொள்வார்கள். நாகவள்ளி தடவ மாட்டாள்.

"தடவினாலும் நாளைக்கு அரிக்கும்ணே, தடவாட்டியும் அரிக்கும். களிம்பாவது மிஞ்சட்டும்" என்பாள்.

அந்த அறிவிப்பாளர் நான்தான். தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன். குரல் நன்றாக இருக்கிறது என்று சேதுமாதவன் எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்.

வந்த ஒரு மாதத்தில் அவள் ஒரு புதுப் பாட்டுக் கட்டினாள். மத்தியான ஒத்திகையில் முதன்முதலாகப் பல்லவியைப் பாடிக் காட்டினாள்.

ஏழாவது மாடியில ஒரு சன்னல் இருக்கு,
எதுத்தாப்புல ஓடுற பஸ்ஸுக்கெல்லாம் நம்பர் இருக்கு.

பூட்டிய அறையிலிருந்து சாலையைப் பார்க்கும் மூன்று பெண்கள், கீழே போகும் பஸ் ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். அதுதான் பாட்டு. சோகமாக இருக்காது, துள்ளலாக இருக்கும். கீபோர்டுக்காரரே சிரித்துவிட்டார். மூன்று சரணம் என்றாள். மூன்றாவதை மேடையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒத்திகையில் பாட மறுத்துவிட்டாள்.

மேடையில் அந்தப் பாட்டை ஐந்து தடவை ஆரம்பித்தார்கள். ஒரு தடவைகூட முதல் சரணத்தைத் தாண்டவில்லை. மாலை வரும், நான் பெயர் சொல்வேன், ஆள் மறுபடி கையைத் தூக்குவான், அடுத்த மாலை வரும். அதற்குள் சேதுமாதவன் கையைக் காட்டிச் சினிமாப் பாட்டுக்கு மாறச் சொல்லிவிடுவார். ஒரு பாட்டை, தன் பாட்டை, ஆட்கள் முன்னால் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பாடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் அந்த ஊரில் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

தேராவில் சி.டி. கடை வைத்திருந்த முகம்மது சித்தீக் என்பவர் அவர்களுடைய பழைய கேசட்டைக் கேட்டிருந்தார். கீழக்கரைக்காரர், பேச்சு குறைவு. புதுப் பாட்டை வீடியோ சி.டி.யாகப் போடத் தயார் என்றார். பெண்களை ஸ்டூடியோவுக்கு அனுப்ப சேதுமாதவன் ஒப்பவில்லை. அதனால் பாரிலேயே, ஒரு வியாழக்கிழமை இரவு, கேமராவை வைத்து எடுத்துக்கொள்வது என்று முடிவானது. தனக்கும் விளம்பரம் என்று சேதுமாதவன் சம்மதித்தார். அந்த ஐந்து நிமிடம் மட்டும் மாலையை நிறுத்த முடியுமா என்று நாகவள்ளி கேட்டாள்.

"மாலை மாஃபி, பார் மாஃபி. புரிஞ்சதா?" என்றார் சேதுமாதவன். அந்த ஊரில் மாஃபி என்றால் இல்லை என்று அர்த்தம்.

அவள் வாதாடவில்லை. மறுநாள் என்னிடம் கணக்குச் சொல்வது போல் சொன்னாள். மாலை வாங்குகிறவர்கள் ஒரு முப்பது பேர், எல்லாம் கடைக்காரர்களும் சூப்பர்வைசர்களும். அவர்கள் உட்கார இடமே இல்லாமல் செய்துவிட்டால்?

மாலை வாங்காத ஒரே வாடிக்கையாளர் சோலைமுத்து. முதுகுளத்தூர் பக்கம். கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை, சோனாப்பூரில் தொழிலாளர் கேம்பில் தங்கல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து ஓரமாக உட்கார்ந்து ஒரு பெப்சி குடித்துக்கொண்டே பாட்டுக் கேட்டுவிட்டுப் போவார். நாகவள்ளியைத் தங்கச்சி என்பார். பெண்கள் மத்தியானத்தில் வாடிக்கையாளர்களுக்கு போன் செய்து வரச் சொல்ல வேண்டும் என்பது பாரின் சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டே அவள் சோலைமுத்துவுக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எங்க பாட்டுண்ணே. அஞ்சே நிமிஷம். கேம்ப்ல எத்தனை பேர் வர முடியுமோ கூட்டிட்டு வந்து, எட்டு மணிக்கே இடம் பிடிச்சு உக்காந்துருங்க. வந்து உக்காந்தாலே போதும், வேற ஒண்ணும் வேணாம்."

வேறு ஒன்றும் வேண்டாமா என்று அவர் திரும்பக் கேட்டார் போல. ஒண்ணுமே வேணாம்ணே என்று இவள் மறுபடி சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஒன்றும் வேண்டாம் என்று ஒரு பெண் இரண்டு தடவை சொன்னால், அந்த மனிதருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறாள். வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடும் தங்கை வெறுங்கையோடு வாருங்கள் என்றால் யாராவது வெறுங்கையோடு போவார்களா? இது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை எட்டு மணிக்கே அறுபது பேர் வந்துவிட்டார்கள். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார்கள். பல பேர் பாருக்குள் நுழைவதே முதல் தடவை. வழக்கமான ஆட்கள் இடமில்லாமல் வாசலோடு திரும்பினார்கள். சேதுமாதவன் முகம் கறுத்துப்போயிருந்தது. சித்தீக் கேமராவைப் பொருத்திவிட்டுத் தலையசைத்தார். மூன்று பேரும் ஒரே நிறத்தில் பாவாடை தாவணி கட்டியிருந்தார்கள். நான் கொலுசு என்ற பெயரை முதன்முதலாக அந்த மைக்கில் சொன்னேன்.

பல்லவி முடிவதற்குள் முதல் மாலை வந்தது.

சோலைமுத்து கேம்பில் எல்லோரிடமும் வசூல் செய்திருந்தார். தங்கச்சி பாட்டுக்கு நம்ம ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று கடைக்காரர்கள் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மாலை. வெயிட்டர்கள் ஓடினார்கள். சேதுமாதவன் முகம் மலர்ந்து, என் தோளை ஒட்டி வந்து நின்றுகொண்டார். கீபோர்டு நின்றது. நாகவள்ளி என்னைப் பார்த்தாள். நான் பெயரைச் சொன்னேன்.

முதுகுளத்தூர் சோலைமுத்து அண்ணன். கமுதி மாயாண்டி அண்ணன். சாயல்குடி, அபிராமம், கடலாடி. இரண்டு வரிக்கு ஒரு மாலை, பிறகு ஒரு வரிக்கு ஒன்று. பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நின்று கும்பிட்டார், மற்றவர்கள் கைதட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமான முகங்களை அந்த இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால்தான் அருவருப்பு இன்னும் அதிகம். அந்த மாலைகளை எத்தனை கழுத்துகளிலிருந்து கழற்றி வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. வெயிலில் நின்று கம்பி கட்டியவர்கள் அந்த அழுக்கை மரியாதை என்று நினைத்து வாங்கினார்கள். பாட்டை நிறுத்துவதுதான் பாடுகிறவளுக்குச் செய்யும் கௌரவம் என்று அந்த பார் அவர்களுக்கு ஒரே இரவில் கற்றுக்கொடுத்துவிட்டது.

நான்காவது மாலையின்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பாட்டு முடிந்ததும் மொத்தமாக வாசித்துவிடலாம். அவர்கள் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள். சட்டைப் பையில் பேனா இருந்தது. ஆனால் சேதுமாதவன் பக்கத்தில் நின்றார். என் விசாவும் அந்த ஹோட்டலில்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று என் குரல் நன்றாக இருந்தது. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் கைதட்டல் எழும்பியது எனக்குப் பிடித்திருந்தது. முப்பத்தொரு பெயர்களைச் சொன்னேன்.

இரண்டாவது சரணத்தின் நடுவில் சித்தீக் கேமராவை அணைத்தார். மூட்டை கட்டிக்கொண்டு என் பக்கம் வந்து, "பாட்டு எங்கே தம்பி? உங்க குரல்தான் இருக்கு இதுல" என்றார். மூன்றாவது சரணத்துக்கு மூவரும் மூச்சு இழுத்தபோது சேதுமாதவன் கீபோர்டுக்காரரைப் பார்த்து கலாஸ், முடிந்தது என்று கையை வெட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

வெளியே போகும் வழியில் சோலைமுத்து மேடை ஓரத்தில் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சந்தோசமாத் தங்கச்சி? ஒரு குறையும் வைக்கலையே?"

"ரொம்பச் சந்தோஷம்ணே. எங்கப்பா இங்க வந்து பாத்திருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டார்" என்றாள் நாகவள்ளி. கழுத்தில் இருந்த கடைசி மாலையை அவர் போகும்வரை கழற்றவில்லை.

வேனில் ஏறியதும் விஜி என்னைத் திட்டினாள், காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகள். அத்தனையும் எனக்குத் தகும். நாகவள்ளிதான் அவளை அடக்கினாள். அண்ணனுக்கு வேலை அதுதானே என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

விசா முடிந்து மூவரும் ஊருக்குப் போனார்கள். விஜி பிறகு பஹ்ரைனுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. சந்தியாவுக்குக் கல்யாணம் ஆனது. கொலுசு அதோடு முடிந்தது. நாகவள்ளி மட்டும் இன்னும் இரண்டு முறை அதே பாருக்கு வந்தாள், வீட்டில் அப்பாவுக்கு நுரையீரலில் பஞ்சு அடைத்து வேலை போயிருந்தது. கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் பாடினாள், மாலைக்குச் சிரித்தாள். அந்தப் பாட்டை மறுபடி எடுக்கவே இல்லை. ஒரு நாள் மத்தியானம், பார் காலியாக இருந்தபோது, மூன்றாவது சரணத்தை எனக்காக ஒரு முறை பாடேன் என்று கேட்டேன். உங்க ஒருத்தருக்காக எதுக்குண்ணே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்டது போல் இருந்தது.

போன மாதம், வத்தலக்குண்டு பக்கம் ஒரு கோயில் கச்சேரி முடிந்து திரும்பும்போது ஆர்கெஸ்ட்ரா வேன் லாரியில் மோதியது. அவளுக்கு இருபத்தெட்டு வயது.

அஞ்சலி பார்த்துவிட்டு வந்த மறுநாள், சந்தியாவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். துக்கம் விசாரித்தேன். அவள் அழவில்லை, வேனில் யார் யார் இருந்தார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். பின்னால் ஒரு குழந்தை சோறு வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஏழாவது மாடிப் பாட்டின் மூன்றாவது சரணம் உனக்கு நினைவிருக்கிறதா, சொன்னால் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

குழந்தையை ஒரு நிமிடம் இருக்கச் சொன்னாள்.

"நினைவிருக்கு" என்றாள். "ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேண்ணே."

குழந்தைக்கு ஊட்ட வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.